வாடாமல்லி உறுத்துமா? (கடிதம்)

வணக்கம். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு வயது 61. அன்றிலிருந்து சாம்பல், பிஸ்கட் நிறம் தவிர எதையும் உடுத்துவதில்லை. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். வாடாமல்லி நிறத்தில் காஞ்சிபுரம் பட்டு எடுத்துத் தர ஆசை. "கண்ணை உறுத்தும், வேண்டாம்" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
ஜெ.

அன்புள்ள ஜெ.,

யார் கண்ணை உறுத்தும் என்று அம்மாவிடம் கேட்டீர்களா? சேலை கட்டியவருக்குத் தெரிவது கொசுவமும் முந்தானை நுனியும்தான். மற்றதெல்லாம் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. கணவனை இழந்தவளுக்கு வெள்ளை, காவி என்று விதித்த ஊர் இது. விதி தளர்ந்தாலும் பார்வை அவ்வளவு சீக்கிரம் போகாது. மண்டபத்துப் படியிலேயே யாராவது "என்னக்கா, இன்னிக்குப் பளிச்சுனு" என்றால் போதும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார். முகூர்த்த நாளிலா அந்த நிறத்தை முதன்முதலாக உடுத்துவது?

முதலில் அதே நிறத்தில் ஒரு பருத்திச் சேலை கொடுங்கள். வீட்டில் நாலைந்து முறை கட்டட்டும். (அடர் நிறப் பருத்தியில் சாயம் போகலாம். ஈர வெள்ளைத் துணியை உள்தலைப்பில் ஐந்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். ஒட்டினால் தனியாக அலசி, நிழலில் காயப்போடுங்கள். கல்லுப்பை நம்பி மற்ற துணியோடு ஊறப்போட வேண்டாம்.)

பட்டில் உடல் முழுக்க வாடாமல்லி வேண்டாம். உடல் சாம்பலோ சந்தனமோ இருக்கட்டும்; கரையும் முந்தானையும் மட்டும் வாடாமல்லி. கோர்வை நெசவா என்று கேட்டு வாங்குங்கள். கோர்வையில் கரைக்குத் தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தறிக் கருவி) ஓடும், நிறம் சுத்தமாக நிற்கும். சாதா நெசவில் உடலின் ஊடையே (குறுக்கு நூல்) கரைக்குள்ளும் போவதால், சாம்பல் இழை வாடாமல்லியை மங்கடித்துவிடும். இரவிக்கையை உடல் நிறத்திலேயே தையுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டின் நிறம் தாடையில் அடிக்கும். கடை விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்கு எடுத்துவந்து பாருங்கள். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் வாடாமல்லியின் நீலம் அடங்கிச் சிவப்பு தூக்கும், அதனால் நீலம் சற்றுக் கூடியதாகவே எடுக்கலாம்.

இத்தனைக்கும் முன்னால் பீரோவைத் திறங்கள். வாடாமல்லி உங்கள் ஆசை. அப்பா இருந்தபோது அம்மா தானாகக் கை வைத்து எடுத்தது கிளிப்பச்சையாக இருக்கலாம். அந்தப் பழைய பட்டையே கட்டுகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் மடிப்பை மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லேசாக இழுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அங்கேதான் இற்றுப்போகும். இழை விலகினால் கரையை மட்டும் வெட்டி, அம்மாவின் சாம்பல் நிறச் சேலை ஒன்றில் வைத்துத் தைத்துவிடலாம்.