டேனரிக்காரரைக் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் சின்னதாக ஒரு மாத இதழ் நடத்துகிறேன். ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) ராத்திரி நேரத்தில் கழிவுநீரைப் பாலாற்றில் திறந்துவிடுகிறார்கள் என்று முதலாளி பெயரோடு, போட்டோவோடு போட்டேன். கண்டுகொள்ளாத அதிகாரியையும் விடவில்லை. இப்போது முதலாளியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். ‘பொதுநலனுக்காக எழுதினால் குவாலிஃபைடு பிரிவிலேஜ் (நல்லெண்ணத்தோடு எழுதியது தவறிப்போனாலும் அவதூறு வழக்கில் கிடைக்கும் பாதுகாப்பு) உண்டு, பயப்படாதே’ என்கிறார் நண்பர். நம்பலாமா? அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி நம்பலாம். பொதுநலன் என்பதற்கு நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டாம். பாலாறும் டேனரிக் கழிவும் 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான விஷயம். ஆனால் உங்கள் டேனரிக்காரர் அன்று ராத்திரி குழாயைத் திறந்தார் என்பதற்கு அந்தத் தீர்ப்பு சாட்சி ஆகாது.

கிரிமினல் வழக்கு என்று வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 356-இன் (பழைய இ.பி.கோ. 499) ஒன்பதாவது விதிவிலக்கு கைகொடுக்கும்; பொதுநன்மைக்காக நல்லெண்ணத்தோடு சொன்னது அவதூறு ஆகாது என்பது அது. அதற்கு மனசு சுத்தமாக இருந்தால் போதாது. உரிய கவனத்தோடு விசாரித்துவிட்டுத்தான் எழுதினீர்கள் என்று காட்ட வேண்டும், அந்தப் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

அதிகாரி விஷயத்தில் நிலைமை தேவலை. ஆட்டோ சங்கர் தொடர் பற்றிய நக்கீரன் வழக்கில் (1994), அதிகாரியின் அலுவல் சார்ந்த செயலை நியாயமாகச் சரிபார்த்து எழுதியிருந்தால், தகவல் தவறாகப் போனாலும் அவர் நஷ்டஈடு கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். டேனரிக்காரர் அரசு ஊழியர் இல்லையே!

அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். ‘விஷம் கக்கும் முதலாளி’ என்று பக்க அகலத்துக்குத் தலைப்பு. போட்டோவில் குழாயின் வாய் தெரிகிறது, நுரை தெரிகிறது; குழாய் யார் சுவரிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. முதலாளி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான். இங்கிலாந்தில் இந்தக் குவாலிஃபைடு பிரிவிலேஜைப் பத்திரிகைகளுக்கு விரித்துக் கொடுத்த 1999 ரெய்னால்ட்ஸ் வழக்கிலேயே சண்டே டைம்ஸுக்கு அது கிடைக்கவில்லை. வழக்குப் போட்ட அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் தன் நாட்டு நாடாளுமன்றத்தில் கொடுத்த விளக்கத்தைப் போடாமல் விட்டது முக்கியக் காரணம். (2013-இல் இங்கிலாந்தில் இதற்குத் தனிச் சட்டப்பிரிவே வந்துவிட்டது.)

நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் வக்கீலைப் பாருங்கள். கோபத்தில் நீங்களே பதில் எழுதிப் போட்டுவிடாதீர்கள். முதலாளியின் மறுப்பை அடுத்த இதழில் அதே அளவில் போடலாமா என்று வக்கீலிடமே கேளுங்கள். யாரிடம் எப்போது பேசினீர்கள் என்று குறித்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். போட்டோவின் அசல் இருக்கிற போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.