எஸ்எம்எஸ் பாதியில் நிற்பதும் இரண்டு முறை போவதும்

பிஎச்பி ஸ்கிரிப்ட் மூலம் எஸ்எம்எஸ் அனுப்பும்போது மெசேஜ் பாதியில் நிற்கிறது, '+' போட்ட எண்கள் ஏற்கப்படவில்லை, சிலருக்கு இரண்டு முறை போகிறது என்று கேட்டிருந்தீர்கள். மெசேஜ் '&' வரும் இடத்தோடு நின்றுவிடுவதற்கும், '+' போட்ட எண்களை கேட்வே (எஸ்எம்எஸ்ஸை வாங்கி அனுப்பித் தரும் சேவை) தவறு என்று திருப்புவதற்கும் காரணம் ஒன்றுதான்: எதையும் என்கோட் செய்யாமல், அதாவது சிறப்புக் குறிகளை யுஆர்எல்லுக்கு ஏற்ற வடிவில் மாற்றாமல், ஒட்டுகிறீர்கள். '&' வந்ததும் அடுத்த பாராமீட்டர் (யுஆர்எல்லில் அனுப்பும் அடுத்த விவரம்) தொடங்கிவிட்டதாக சர்வர் எடுத்துக்கொள்ளும்; '+' இடைவெளியாகிவிடும். கையால் ஒட்டாமல், எல்லாவற்றையும் ஒரு அரேயில் (பட்டியலில்) வைத்து 'எச்டிடிபி பில்ட் குவெரி' (http_build_query) ஃபங்ஷனிடம் கொடுங்கள். கேட்வே ஏற்றால், விவரங்களை யுஆர்எல்லிலேயே அனுப்பும் கெட் (GET) முறையை விட்டு, யுஆர்எல்லுக்கு வெளியே அனுப்பும் போஸ்ட் (POST) முறைக்கு மாறுங்கள். கெட் முறையில் பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் எண்ணும் சர்வர் லாகில் (பதிவேட்டில்) அப்படியே பதிவாகும், அது ஆபத்து.

சிலருக்கு இரண்டு முறை போவது வேறு கதை. டைம்அவுட் ஆனதும், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராதபோது, ஸ்கிரிப்ட் மறுபடி அனுப்புகிறது. ஆனால் கேட்வே முதல் கோரிக்கையை ஏற்கெனவே வாங்கியிருக்கும், பதில்தான் தாமதம். ஒவ்வொரு மெசேஜுக்கும் உங்கள் பக்கமே ஒரு தனி ஐடி உருவாக்கி, டேட்டாபேஸில் எழுதிய பிறகே அனுப்புங்கள். அந்த ஐடியை கேட்வே ஏற்குமானால் மறுமுயற்சியிலும் அதையே கொடுங்கள். ஏற்காவிட்டால், டைம்அவுட் ஆனதைத் தானாகத் திரும்ப அனுப்பாமல் முதலில் நிலையை விசாரியுங்கள். பிஎச்பியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்லில் (cURL) டைம்அவுட்டை நீங்களே வையுங்கள். இயல்பாக அதற்கு மொத்த நேர வரம்பே கிடையாது.

200 என்ற எச்டிடிபி நிலைக் குறியீடு பதிலாக வந்தால் கேட்வே வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள், போய்ச் சேர்ந்தது என்றல்ல. சில கேட்வேக்கள் பிழையையும் 200-லேயே அனுப்பும், பதிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள்.

தமிழில் அனுப்பினால் யூனிகோட் வகையைக் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாகப் போகலாம். அப்போது ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறிகள் அல்ல, 70 தான்; அதைவிட நீண்டு பல பகுதிகளாகப் பிரிந்தால் பகுதிக்கு 67. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும்: 'நன்றி' என்பது 5 (ந, ன, புள்ளி, ற, இகரக் குறி).