விமானத்தில் லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்ப 7 ஏன்?

பூமி கிழக்கே சுழல்வதால் லண்டனிலிருந்து மேற்கே நியூயார்க் போவதுதானே விரைவாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விமானம் தரையில் நிற்கும்போதே பூமியோடு சுழல்கிறது, காற்றும் அப்படியே. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து உங்கள் கைக்கே திரும்புகிறதல்லவா? இல்லாவிட்டால் ஹெலிகாப்டரில் அந்தரத்தில் நின்றே ஊர் போய்ச் சேரலாம், டிக்கெட் மிச்சம்!

உங்கள் நேரத்தைத் தின்றது எதிர்க்காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று அதன் முதுகில் ஏறி, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. அந்தக் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது மட்டும் பூமியின் சுழற்சிதான்.