பச்சக் குழந்தை வார்மர் வாங்குறது பத்தி கேளுங்க, சொல்றேன்

14 வருஷமா ஆஸ்பத்திரிகள்ல வார்மர் (பொறந்த குழந்தைய மேலேந்து ஹீட்டரால சூடா வைக்கிற தொறந்த கட்டில்), இன்குபேட்டர் (அதே வேலைக்கு மூடின பெட்டி) சர்வீஸ் பண்றேன்.

கே: சின்ன நர்சிங் ஹோம் சார், மாசம் 20 பிரசவம். வார்மரா, இன்குபேட்டரா?

ப: வார்மர். மேல தொறந்து இருக்கும், குழந்தை அழலைன்னா ரெண்டு பக்கமும் நின்னு மூச்சு குடுக்கலாம். ஆனா கொட்டேஷன்ல மெஷின் விலைய மட்டும் பாக்காதீங்க. சில கம்பெனி மெஷின கம்மியா குடுத்துட்டு ஸ்கின் ப்ரோப்ல (குழந்தை தோல்ல ஒட்டி சூட்ட அளக்குற வயர்) சம்பாதிக்கும், வேற ப்ரோப் அதுல மாட்டவே மாட்டாது. ப்ரோப், ஹீட்டர் ராட் ரெண்டுக்கும் அஞ்சு வருஷ விலைய எழுதி வாங்கிடுங்க.

அந்த ப்ரோப்தான் எல்லாமே. ஒரு ராத்திரி மெஷின் ஓவர் ஹீட்டுன்னு கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா ப்ரோப் வயித்துலேந்து கழண்டு கட்டிலோரமா தொங்குது, ஸ்கிரீன்ல 29.4 டிகிரி, அலாரத்த யாரோ மியூட் பண்ணிருக்காங்க. குழந்தைக்குக் குளிருதுன்னு மெஷின் ஹீட்டர முழுசா ஏத்திருக்கு, நெஞ்செல்லாம் செவந்து போச்சு. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல.

கே: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ப: அந்த மாடலுக்கு ப்ரோப் இன்னும் கிடைக்குதான்னு கேளுங்க. இல்லன்னா வேணாம்.

கே: எட்டாம் மாசத்துலயே பொறந்த குழந்தை, வீட்டுல பல்பு போட்டு சூடு குடுக்கலாமா?

ப: கூடாதுங்க, சுட்டுடும். இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க.

கே: எந்த பிராண்ட் நல்லது?

ப: இதையே கேக்குற நாலாவது ஆள் நீங்க. ரிப்பேர்னா உங்க ஊருக்கு எத்தன மணி நேரத்துல ஆள் வருவாங்க, அத வச்சு முடிவு பண்ணுங்க.

கே: அம்மா நெஞ்சுல போட்டாலே போதும்ங்கறாங்க. அப்ப வார்மர் வியாபாரமே ஏமாத்துதானே?

ப: ஏமாத்து இல்ல, ஆனா கேள்வி நியாயமானது. 1978ல கொலம்பியாவுல பொகோட்டால ஒரு ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாமத்தான் கங்காரு முறைய, அதாவது குழந்தைய அம்மா நெஞ்சுல தோலோட தோலா ஒட்டி வைக்கிறத ஆரம்பிச்சாங்க, ரொம்ப நாள் அத ஏழைங்களுக்கான மாத்து வழின்னுதான் நெனச்சோம். 2021ல வந்த ஆய்வுல இந்தியாவும் நாலு ஆப்பிரிக்க நாடும் இருந்துச்சு. 1 கிலோவுலேந்து 1.8 கிலோக்குள்ள இருந்த குழந்தைங்கள பொறந்த ஒடனே அம்மா நெஞ்சுல போட்டதுல 28 நாளுக்குள்ள சாவு 12 சதவீதம், வார்மர், இன்குபேட்டர்ல வச்சு அப்புறமா நெஞ்சுல போட்டதுல 15.7.

கே (நர்ஸ்): சிசேரியன் ஆகி அம்மா தியேட்டர்ல இருந்தா யார் நெஞ்சுல சார் போடுறது? எங்க வார்டுல அம்மா உக்கார சேர் கூட இல்ல.

ப: நீங்க சொல்றதுதான் சரி சிஸ்டர். அப்பா, பாட்டி நெஞ்சுலயும் போடலாம், ஆனா பொறந்ததும் மூச்சு வராத குழந்தைக்கு வார்மர் வேணும்தான். நான் சொல்றது, பத்து வார்மர் வாங்குற காசுல எட்டு வாங்கிட்டு மிச்சத்துக்கு அம்மாவுக்குக் கட்டிலும் சாய்வு சேரும் போடுங்கன்னு. எந்த சேல்ஸ் ஆளும் இத சொல்ல மாட்டாங்க.

கே: டெம்பரேச்சர் எவ்ளோ வைக்கணும்?

ப: சர்வோ மோட்ல, அதாவது ப்ரோப் காட்டுற சூட்டப் பாத்து மெஷினே ஹீட்டர ஏத்தி எறக்குற மோட்ல, 36.5 டிகிரி செல்சியஸ். ப்ரோப் ஒட்டிருக்கான்னு பாத்துட்டு வைங்க.