மெர்சிடிஸ் 500 இ: போர்ஷே கட்டிய பென்ஸ் (கேள்வி பதில்)

அண்ணா, இந்த காரை போர்ஷேதான் கட்டியது என்கிறார்களே, நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம்தான். மெர்சிடிஸின் நடுத்தர அளவு மாடலான டபிள்யூ124 செடானுக்குள் 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை உட்காரவைக்கும் வேலையை மெர்சிடிஸ் போர்ஷேவிடம் கொடுத்தது. அகலமான சக்கரங்களுக்காக ஃபெண்டர்களை (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி பகுதி) புடைக்க வைத்ததும், மெர்சிடிஸின் சிண்டெல்ஃபிங்கன் ஆலையின் வழக்கமான லைனில் வண்டி நுழையவில்லை. போர்ஷேவுக்கும் அப்போது விற்பனை படுத்துக் கிடந்தது, வேலை தேவைப்பட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பாடி பாகங்கள் சிண்டெல்ஃபிங்கனிலிருந்து போர்ஷேவின் ஆலை இருக்கும் ட்சுஃபன்ஹவுசனுக்குப் போகும். அங்கே பாடியைக் கட்டி, பெயின்ட் அடிக்கத் திருப்பி அனுப்புவார்கள். பெயின்ட் ஆனதும் இன்ஜின் மாட்ட மறுபடி ட்சுஃபன்ஹவுசன். முடிந்த வண்டி கடைசியில் மெர்சிடிஸிடமே வந்து சேரும். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் அலைகிற புதுப்பெண் மாதிரி, ஒரு காருக்கு 18 நாள்!

சார், ஸ்பெக் என்ன?

எம்119 இன்ஜின், 4,973 சிசி, 32 வால்வு. ஆரம்பத்தில் 326 பிஎஸ் (குதிரைத்திறன்), 480 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). பிறகு லேசாகக் குறைத்தார்கள். 4 கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர டிரைவ். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட ஏறக்குறைய 6 வினாடி. உச்ச வேகம் 250 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தப்பட்டது.

1995-இல் புனேயில் தயாரான இ 220-ஐ எங்கள் மாமா வைத்திருந்தார். பார்க்க இரண்டும் ஒன்றுதானே?

தூரத்திலிருந்து பார்த்தால் ஆமாம், அதுவும் டபிள்யூ124தான். எனக்குப் பிடித்ததே அதுதான், சத்தம் போடாத கார். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: ஃபெண்டர் விளிம்பு புடைத்திருக்கும், வண்டி 23 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பின்கதவைத் திறந்தால் இரண்டு பேருக்குத்தான் இடம். பின்சக்கரங்களுக்கு இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய டிஃபரன்ஷியல் கீழே இருப்பதால் நடு சீட் போய்விட்டது. டிக்கியைத் திறந்தால் பேட்டரி அங்கே இருக்கும். முன்னால் வி8 அதற்கு இடம் விடவில்லை.

500 இ, இ 500 இரண்டும் வேறா?

ஒன்றுதான். 1990-இல் பாரிஸ் கண்காட்சியில் வந்தபோது 500 இ. 1993-இல் முகத்தை மாற்றி, எழுத்தை முன்னால் போட்டு இ 500 ஆக்கினார்கள். 1995 வரை மொத்தம் 10,479 கார்கள். எல்லாமே இடப்பக்க ஸ்டீயரிங், பிரிட்டனில் விற்றதும் அப்படித்தான்.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இன்ஜின் ஒயரிங். அந்தக் காலத்து டபிள்யூ124 கார்களில் ஒயரின் மேல்தோல் வெப்பத்தில் காய்ந்துபோகும். லேசாக வளைத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் முழு செட்டையும் மாற்ற வேண்டும். பழைய செட்டை ஏற்கெனவே மாற்றியிருந்தால் பில்லைக் கேளுங்கள். அடுத்து, இன்ஜின் மேல்பக்கம் டிக் டிக் என்று சத்தம் வந்தால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்பு உடைந்திருக்கலாம். அது சில்லறைச் செலவு, பயப்படாதீர்கள். விலை பேசும்போது மட்டும் அந்தச் சத்தத்தைப் பெரிதாகச் சொல்லுங்கள்.