எத்தியோப்பியக் காபி ஏன் இப்படிப் புளிக்கிறது? ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. அநேகமாக உங்கள் கைக்கு வந்திருப்பது நல்ல சரக்குதான். எத்தியோப்பியாவின் யிர்கசெஃபே என்ற ஊரில் விளைந்த கொட்டை வாங்கி, கடையிலேயே பொடியாக்கி, பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கினால் புளிக்கிறது, பால் விட்டால் திரிகிறது, பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வந்த பதில்களில் பாதி, "எல்லாம் வெள்ளைக்காரன் மோகம்" என்கிறது. மீதி, "உங்கள் நாக்குக்கு அந்தத் தரம் புரியவில்லை" என்கிறது. இரண்டையும் படித்து எரிச்சலாகித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவன். 2000-களில் எத்தியோப்பியா வரிசையாகப் பல்கலைக்கழகங்களைத் திறந்தபோது, நம்மூர் பொறியியல் கல்லூரிகளிலிருந்து பாடம் நடத்தக் கிளம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு வாய்த்த ஊர் டில்லா. அடிஸ் அபாபாவிலிருந்து கென்ய எல்லையில் இருக்கும் மொயாலேவுக்குப் போகிற சாலையில், கெடியோ மக்களின் ஊர். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் யிர்கசெஃபே.

கிளம்பியதே பெரும்பாடு. நான் வேலை பார்த்த தனியார் கல்லூரி, சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்க மறுத்துவிட்டது. செமஸ்டர் முடியட்டும் என்றார்கள், முடிந்ததும் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு என்றார்கள், சேர்மன் ஊரில் இல்லை என்றார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.இ. வரைக்கும் என் பீரோவில் இருக்க வேண்டியது அவர்கள் பீரோவில் பூட்டிக்கிடந்தது. இன்றைக்கும் பல கல்லூரிகளில் இதே கதைதான். விரிவுரையாளர்களுக்காகக் கேட்க நாதி கிடையாது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். எங்கே எழுதுவது, இங்கேதான் எழுத முடியும்.

சரி, காபிக்கு வருகிறேன்.

கெடியோ பகுதியில் நம் கூர்க், சிக்மகளூர் மாதிரி பெரிய எஸ்டேட்களைப் பார்க்க முடியாது. வீட்டைச் சுற்றித் தோட்டம். மேலே பெரிய மரங்கள், நடுவில் வாழை போலவே இருக்கும் எண்செட், அதன் நிழலில் காபிச் செடி. இந்த நிலப்பரப்பையே 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காபி விளையும் இடங்கள் பெரும்பாலும் 1,700 மீட்டருக்கு மேல். ராத்திரி குளிரும். அதனால் பழம் நிதானமாகப் பழுக்கும், கொட்டை சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்கும். எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலமும் ஆப்பிளில் இருக்கிற மாலிக் அமிலமும் பச்சைக் காபிக்கொட்டையிலும் உண்டு. மேட்டு நிலத்து அரபிகாவில் இந்தப் புளிப்பு நாக்கில் நன்றாகவே தெரியும். ஆக, உங்கள் புளிப்பு ஸ்டாக் பழசானதால் வந்தது இல்லை, கொட்டையோடு பிறந்தது.

அறுவடைக் காலத்தில், வேளாண்மைத் துறையில் இருந்த நண்பர் ஒருவர் என்னைக் கழுவும் நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். விவசாயிகள் தலைச்சுமையாகவும் கழுதை மீது ஏற்றியும் சிவந்த பழத்தைக் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். எந்திரம் தோலை உரிக்கிறது. வழவழப்போடு இருக்கும் கொட்டை தொட்டியில் ஒன்றிரண்டு நாள் ஊறி நொதிக்கிறது. பிறகு நீளமான சிமென்ட் வாய்க்காலில் தண்ணீர் ஓட விட்டு, மரப்பலகையால் தள்ளித் தள்ளி அலசுகிறார்கள். இடுப்பு உயரத்தில் கட்டிய வலைப் பந்தலில் காய வைத்து, பெண்கள் வரிசையாக நின்று சொத்தையைப் பொறுக்குகிறார்கள். இதற்குத்தான் வாஷ்டு என்று பெயர். பழத்தோடு அப்படியே உலர்த்தினால் நேச்சுரல். வாஷ்டில் எலுமிச்சைத் தோல், மல்லிகை, டீ மாதிரியான லேசான வாசனை. நேச்சுரலில் பழக்கூழ், சில சமயம் ஒயின் நெடி கூட. உங்கள் பாக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அந்த நிலையத்தில் இளம் பழுப்பாக வறுத்த கொட்டை கொஞ்சம் கொடுத்தார்கள், வெளிநாட்டு வியாபாரிகளுக்குச் சுவை பார்க்க வறுப்பது. பெருமையாக எடுத்து வந்து வீட்டுக்கார அம்மாவிடம் நீட்டினேன். எமாமா என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். ஒரு கொட்டையை வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுளித்தது. "இது இன்னும் வேகவே இல்லையே" என்றார். சொல்லிவிட்டு, நான் ஆட்சேபிப்பதற்குள் கரி அடுப்பில் தட்டை வாணலியை வைத்து, அத்தனையையும் போட்டு, எண்ணெய் மினுமினுக்கிற வரைக்கும் மறுபடி வறுத்துவிட்டார். அப்புறம் உரலில் இடித்து, ஜெபெனா என்கிற கறுப்பு மண் கூஜாவில் கொதிக்க வைத்து, பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றினார். மூன்று சுற்று. முதல் சுற்று ஆபோல், அடுத்தது தோனா, கடைசி பெரெக்கா. ஒரே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பதால் போகப் போகத் தண்ணியாகும். தரையில் பச்சைப் புல், பக்கத்தில் சாம்பிராணிப் புகை, கொறிக்கப் பொரித்த மக்காச்சோளம். சர்க்கரையும் தாராளம். நம்மூரில் கைக்குழந்தைக்குக் கொடுப்பார்களே அருவதா, அந்த இலையில் ஒரு கொத்தைக் காபியில் முக்கியும் தருவார்கள்.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன் என்றால், அந்த மண்ணிலேயே பிறந்து, நாளுக்குப் பலமுறை காபி குடிக்கிற அம்மாவுக்கும் இளவறுப்பு வேகாததாகத்தான் பட்டது. எத்தியோப்பியா விளைவிக்கிற காபியில் ஏறக்குறைய பாதியை அவர்களே குடித்துவிடுகிறார்கள், பெரும்பாலும் கருக வறுத்து. புளிப்பை ரசிக்கிற இளவறுப்பு, வாங்குகிற நாடுகளின் ருசிக்காக வந்தது. ஆகவே "ஒரிஜினல் எத்தியோப்பியச் சுவையே இந்தப் புளிப்புதான், உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக அந்தப் புளிப்பு பொய் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு இப்போது அது பிடித்துப்போயிருக்கிறது. எமாமா ஊற்றினால் அதையும் குடிப்பேன்.

ஆனால் புளிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று பழுத்த கமலா ஆரஞ்சுச் சுளை மாதிரி, புளிப்புக்குப் பின்னாலேயே இனிப்பும் வரும். இன்னொன்று வெறும் புளிப்பு, தொண்டையில் இழுத்துப் பிடிக்கும், பின்னால் ஒன்றுமே இருக்காது. இரண்டாவது வந்தால் தப்பு வறுத்தவரிடமோ, காபி போட்ட விதத்திலோ இருக்கிறது. எமாமா செய்ததையே செய்து பாருங்கள், ஒரு கொட்டையைக் கடியுங்கள். மொறுக்கென்று உடைந்தால் வறுப்பு சரி. பல்லுக்கு எதிர்த்து நின்று, பச்சை வேர்க்கடலை வாசனையோ வைக்கோல் வாசனையோ அடித்தால் உள்ளே வேகவில்லை. இளவறுப்பு என்கிற பெயரில் இப்படி அரைவேக்காட்டை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி அகப்பட்டால் மறுவறுப்பு செய்து சரிப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். புளிப்பு போகும், கூடவே மல்லிகையும் போய்விடும். பச்சைக் கொட்டை கிடைத்தால் வீட்டிலேயே வறுக்கலாம். கனமான இரும்புச் சட்டியில் 100 கிராமுக்கு மேல் போட வேண்டாம், கை நிற்காமல் கிளற வேண்டும். முதலில் மஞ்சளாகும், தானியம் வறுபடுகிற வாசனை வரும். பிறகு பழுப்பாகி, கொட்டையின் சூடு 200 டிகிரியை ஒட்டி வரும்போது பொட் பொட்டென்று வெடிக்கும். அது முதல் வெடிப்பு. அதற்கு முன்னால் இறக்கினால் குடிக்க முடியாது. வெடிப்பு அடங்கத் தொடங்கும்போது இறக்கி, முறத்தில் கொட்டி, ஃபேனுக்கு அடியில் புடைத்துச் சீக்கிரம் ஆற்றுங்கள். மெல்லிய தோல் வீடெல்லாம் பறக்கும், வீட்டில் யார் பெருக்குவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் சன்னமாகச் சடசடவென்று இரண்டாம் வெடிப்பு வரும், அதற்குப் பிறகு அது எந்த நாட்டுக் கொட்டை என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சட்டி வறுப்பு சீராக இராது, இயந்திரம் வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். வறுத்த அன்றே குடிக்காமல் ஒரு வாரமாவது மூடி வையுங்கள். உள்ளே அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியேறாவிட்டால் தண்ணீர் தூளுக்குள் ஒழுங்காக இறங்காது.

அடுத்து ஃபில்டர். பித்தளை ஃபில்டரையும் டிகிரி காபியையும் நான் குறை சொல்லவில்லை, காலையில் எனக்கும் அதுதான். தயவுசெய்து யாரும் கும்பகோணத்தை இழுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அது கருக வறுத்த கொட்டைக்கும், சிக்கரிக்கும், பாலுக்கும் ஏற்ற ஏற்பாடு. தூள் நிறைய, தண்ணீர் கொஞ்சம். இளவறுப்பை அதில் போட்டால் இருக்கிற புளிப்பெல்லாம் திரண்டு இறங்கும், இனிப்பு தூளிலேயே தங்கிவிடும். அந்த டிகாஷனில் சூடான பால் விட்டால், பால் கொஞ்சம் பழசாக இருந்தாலும் போதும், திரிந்துவிடும்.

பேப்பர் ஃபில்டரில் போடுங்கள். 15 கிராம் தூள், 240 மில்லி தண்ணீர். முதலில் தூள் நனைகிற அளவு, ஒரு 40 மில்லி ஊற்றி அரை நிமிடம் விடுங்கள், நுரைத்துப் பொங்கும். மீதியை நிதானமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றி, மொத்தம் மூன்று நிமிடத்தை ஒட்டி முடிய வேண்டும். சீக்கிரம் ஓடிப் புளித்தால் அடுத்த முறை இன்னும் சன்னமாக அரையுங்கள், நின்று நின்று இறங்கிக் கசந்தால் பருமனாக. தண்ணீரை ஆற வைக்காதீர்கள். டில்லா உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 95 டிகிரியில்தான், இங்கே கெட்டிலை இறக்கிய கையோடு ஊற்றினால் அதற்குக் குறையாது. மிக்ஸி வேண்டாம். பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் அரைத்து, ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் தரும். கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அமிலத்தை அடித்துவிடும், காபி சப்பென்று இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் தாது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் வீட்டில் ஆர்ஓ என்று நினைக்கிறேன், இப்போது யார் வீட்டில் இல்லை. அதில் கால் பங்கு குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள். எனக்குக் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது, அது வருகிற நாளில்தான் இந்தக் காபி போடுவேன்.

இதெல்லாம் செய்தும் பிடிக்கவில்லை என்றால் கென்யா பக்கம் போய்விடாதீர்கள். அங்கே எஸ்எல்28 ரகம் இதைவிடப் புளிக்கும். பாக்கெட்டில் "ஏஏ" என்று போட்டிருப்பது கொட்டையின் அளவைத்தான் குறிக்கும், ருசியை இல்லை. அதற்காகக் கூடுதல் காசும் கொடுக்காதீர்கள். எத்தியோப்பியாவிலேயே நேச்சுரல் ஒன்றை, மீடியம் வறுப்பில், அரைக்காமல் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். வறுத்த தேதி போடாத பாக்கெட்டைத் தொட வேண்டாம். எந்தப் பிராண்ட் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொன்னால் கமிஷன் வாங்கினேன் என்பீர்கள்.