வெண்பன்றி வளர்ப்பு: ஓட்டல் மிச்சம், திப்பி, மானியம்… உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தருமபுரி டவுன் ஓட்டல்களில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துவந்து பத்து குட்டி வளர்க்கலாம் என்று இருக்கிறேன். கட்டுப்படியாகுமா? (பாலக்கோடு)

கட்டுப்படியாகும். கடையில் வாங்கும் அடர்தீவனம் மட்டும் போட்டால் ஒரு கிலோ எடை ஏற மூன்று கிலோவுக்கு மேல் தீவனம் போய்விடும், அந்தச் செலவில் சின்ன பண்ணைக்காரர் கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் எச்சில் சாப்பாட்டை வண்டியிலிருந்து இறக்கி அப்படியே தொட்டியில் கொட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பிறகு நம்ம முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. அந்தக் கிருமி உறைந்த இறைச்சியிலும் உப்புக்கண்டத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். யாரோ தட்டில் மிச்சம் வைத்த ஒரு துண்டு பன்றிக்கறி போதும், கொட்டிலே காலி. இங்கே அதற்குத் தடுப்பூசி இல்லை. நோய் உறுதியானால் 1 கி.மீ. சுற்றளவில் உள்ள பன்றிகளை அழிப்பார்கள், அதில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பன்றியும் போகும் (மனிதருக்கு இது தொற்றாது என்பது ஒன்றுதான் ஆறுதல்). அதனால் பெரிய அண்டாவில் கொதி வந்த பிறகும் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் காய்ச்சி, ஆறவைத்துப் போடுங்கள். விறகுச் செலவு பார்த்தால் ஆகாது. ஓட்டலுக்குப் போய்வந்த பக்கெட்டும் செருப்பும் கொட்டிலுக்குள் வரக்கூடாது.

முதல் தடவையே தாய்ப்பன்றி வாங்கிக் குட்டி எடுக்க இறங்காதீர்கள். பால் மறந்த இரண்டு மாதக் குட்டிகளாக வாங்கி, ஏழெட்டு மாத வயதில் 80, 90 கிலோவுக்கு வந்ததும் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் தின்பதெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும்.

நன்றாக இருந்த இரண்டு பன்றிகள் சுவரில் முட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, இழுப்பு வந்து விழுந்தன. விஷம் வைத்துவிட்டார்களோ? (ஊத்தங்கரை)

பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் ஒன்று சொல்லுங்கள், அன்றைக்கோ முந்தின நாளோ தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்ததா? ஓட்டல் சாப்பாட்டில் சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று உப்பு அதிகம். அதைத் தின்றுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் உப்பு மூளையைத் தாக்கும், அறிகுறி நீங்கள் எழுதியபடியேதான் இருக்கும். ஐயோ பாவம் என்று ஒரே மூச்சில் நிறையக் குடிக்கவிட்டால் மூளை வீங்கி இன்னும் மோசமாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். வேறு நோயாகவும் இருக்கலாம், அதை அவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஜவ்வரிசி ஆலைத் திப்பியும் மரவள்ளித் தோலும் மலிவாகக் கிடைக்கிறது. அது போதாதா? (அரூர்)

வயிறு நிறையும், சதை பிடிக்காது. திப்பியில் (மரவள்ளியில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) புரதம் இல்லவே இல்லை என்று சொல்கிற அளவுக்குக் குறைவு. கடலைப்புண்ணாக்கோ சோயாப்புண்ணாக்கோ கூடவே வேண்டும், தாது உப்புக் கலவையும் சேருங்கள். பச்சைத் தோல், பச்சை இலை இரண்டிலும் சயனைடு விஷம் உண்டு, நறுக்கி நன்றாகக் காயவைத்த பிறகே போடவேண்டும்.

சிமென்ட் தரைக் கொட்டிலில் பிறந்த குட்டிகள் இரண்டு வாரத்தில் வெளுத்து, மூச்சு வாங்குகின்றன. (தேன்கனிக்கோட்டை)

இரும்புச்சத்து இல்லை. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு, மண்ணைக் கிளறினால் கொஞ்சம் கிடைத்திருக்கும், சிமென்டில் அதுவும் கிடையாது. இப்போதே ஊசி போடுங்கள். அடுத்த ஈற்றில் பிறந்த மூன்றாம் நாள் ஒன்று, இரண்டு வாரத்தில் இன்னொன்று. உங்கள் பக்கத்துக் குளிருக்குக் குட்டிகள் படுக்கும் மூலையில் வைக்கோலும் ஒரு குண்டு பல்பும் தேவை.

பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (பென்னாகரம்)

வேகாத கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து பொரிக்கும் இளம்புழு, அந்த முட்டை மனித மலத்திலிருந்து கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வருகிறது, கறியே தொடாதவருக்கும் வரும். பன்றிக்கும் மனித மலத்தைத் தின்றுதான் தொற்றுகிறது. பன்றி கொட்டிலிலேயே இருந்து, வீட்டில் எல்லோரும் கழிப்பறைக்குப் போய், கறியும் நன்றாக வெந்தால் அப்புறம் என்ன பயம்?

மானியம் உண்டா? (காவேரிப்பட்டணம்)

தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீதம் உண்டு, ஆனால் 50 தாய்ப்பன்றி, 5 ஆண் பன்றி என்கிற அளவிலிருந்துதான் கணக்கே ஆரம்பிக்கிறது. பத்து குட்டிக்காரருக்கு அது ஒத்துவராது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வேறு திட்டம் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டுப்பாருங்கள். போகிறபோது பன்றிகளுக்கு வரும் சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கான (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்) தடுப்பூசி எப்போது போடுவார்கள் என்பதையும் கேட்டு வாருங்கள், நான் மேலே சொன்ன ஆப்பிரிக்கக் காய்ச்சல் வேறு, இது வேறு, இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.